நாலு வண்டி சேர்ந்து ஒரு வண்டி!

கம்பம் பள்ளத்தாக்கில் சேவலுக்கு முன்னால் ஜீப் விழித்துக்கொள்ளும்.

கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி... ஊருக்கு ஊர் இருட்டோடு இருட்டாக ஜீப்கள் உறுமிக்கொண்டு கிளம்பும். உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியாகக் கேரளத்து இடுக்கி மலையில் ஏறி, வேலை முடிந்து இறங்கி வருவார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். எட்டரை மணி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கவில்லை என்றால் அன்றைய பொழுதே பாழ் என்று நினைக்கும் நாமெல்லாம் ஒருநாள் அந்த ஜீப்பில் போய்வர வேண்டும். அப்புறம் பஸ் கண்டக்டரைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றும்!

சரி, அப்படி ஏறுகிற வண்டி ஏதாவது ஒரு வளைவில் ஆக்சில் உடைந்து உட்கார்ந்துவிட்டால்? மழையில் மண் இளகி, ஒரு பக்கச் சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டால்?

"கிரேனுக்குப் போன் போடுப்பா!"

கிரேன் என்றதும் துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் நிற்கிற ராட்சசனைக் கற்பனை செய்யாதீர்கள். குறுகலான மலைப்பாதைக்கு அதெல்லாம் சரிப்படாது. வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு கிழட்டு வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ். முதுகில் கர்டர் இரும்பை வெட்டி ஒட்டிய ஒரு கழுத்து. கழுத்து நுனியில் கப்பி, கம்பி வடம், கொக்கி. பார்த்தால் யாரும் ஃபோட்டோ எடுக்க மாட்டார்கள். ஆனால் மலையில் மாட்டிக்கொண்டவனுக்கு அதுதான் குலதெய்வம்.

அந்தக் குலதெய்வத்துக்கே உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

சுருளி அருவிக்குப் போகிற வழியில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிறதே சுருளிப்பட்டி, அங்கே ஒரு புளியமரத்தடியில் இப்படி ஒரு இழுவை ஜீப் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் கிடந்து பல வருஷம் ஆயிற்று. பானெட்டுக்குள் அணில் குடித்தனம். உங்களைப்போல ஒரு இளைஞர் அதை வாங்கி, மறுபடி ஓட வைக்க ஆசைப்படுகிறார். (நான் சொல்லும் இந்த வண்டியே பல வண்டிகளிலிருந்து கழற்றி மாட்டிய உதாரணம்தான். ஒட்டு வண்டிக்கு ஒட்டு உதாரணம். கணக்கு சரிதானே?)

இளைஞர் முதல் கேள்வியைக் கேட்கிறார்.

"அண்ணே, இது எந்த வருச மாடல்ணே?"

மெக்கானிக் பீடியை அணைத்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்.

"எதைக் கேக்குற தம்பி? பானெட்டையா, இன்ஜினையா, பின்னாடி ஆக்சிலையா?"

கதம்பம் பிறந்த கதை

இந்த ஒட்டு வேலையை யாரும் கெட்ட எண்ணத்தில் ஆரம்பிக்கவில்லை. இரண்டாவது உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்கள் செய்தார்கள். வில்லிஸ் கம்பெனி பாதிக்கு மேல். மீதியில் பெரும்பகுதி ஃபோர்டு. ஒரே டிசைன், இரண்டு கம்பெனி. போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாம் என்று கழித்த ஜீப்பும் லாரியும் ஏலத்துக்கு வந்தன. நம் ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் 'டிஸ்போசல் வண்டி' என்கிறார்களே, அந்த வார்த்தை பிறந்தது அங்கேதான்.

1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. ஆக, ராணுவ ஜீப்பின் சாமான் மஹிந்திராவில் ஓரளவு பொருந்தும். மஹிந்திராவின் சாமான் ராணுவ ஜீப்பில் ஓரளவு பொருந்தும். இந்த 'ஓரளவு' என்ற வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். வில்லனே அவன்தான். கிளைமாக்ஸில் வருவான்.

இன்ஜின் விஷயத்தில் ஒட்டு இன்னும் சுலபம். பழைய ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின் 2199 சி.சி., 60 குதிரைச் சக்தி. சக்தி சரிதான், ஆனால் குடிக்கும். முதலாளியின் பர்ஸையும் சேர்த்துக் குடிக்கும். எனவே கிடைத்த டீசல் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மெட்டாடார் வேனில் வந்த மெர்சிடிஸ் டிசைன் இன்ஜின், மஹிந்திராவே எம்.எம்.540-ல் போட்ட பியூஜோ இன்ஜின் என்று யாருக்கு எது வாய்த்ததோ அது. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகள் இருக்கிறவரை எந்த இதயமும் எந்த உடம்புக்கும் கிடைக்கும்.

முதுகில் இருக்கும் கழுத்துக்கும் ஒரு பாட்டன் உண்டு. அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற ஒர்க்‌ஷாப்காரர், ஓடைக்குள் விழுந்த ஒரு ஃபோர்டு காரை ஆட்களை வைத்துக் கயிறு கட்டி இழுத்து நொந்துபோனார். அந்த எரிச்சலில் 1916-ல் ஒரு பழைய கேடிலாக் காரின் மேல் கம்பம், கப்பி, சங்கிலி எல்லாம் மாட்டி ஒரு இழுவை வண்டி செய்தார். உலகத்தின் முதல் இழுவை வண்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள். கவனியுங்கள்... அதுவே ஒரு ஒட்டு வண்டி! நம்ம சுருளிப்பட்டிக்காரர் புதுசாக ஒன்றும் பாவம் செய்துவிடவில்லை.

ஜாதகம் பார்ப்பது எப்படி?

பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். ஜீப் பார்க்கப் போகிறவர்கள் முகத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஜீப்பில் சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடியது முகம்தான்.

இருந்தாலும் முகத்திலும் சேதி உண்டு. முன் கிரில்லில் ஒன்பது ஓட்டை இருந்தால் அது ராணுவ ஜீப்பின் முகம். ஏழு ஓட்டையும் பெரிய ஹெட்லைட்டும் இருந்தால் போருக்குப் பின் பொதுமக்களுக்காகச் செய்தது. ராணுவ ஜீப்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஹெட்லைட்டை அப்படியே திருப்பிவிட்டு இன்ஜின் பக்கம் வெளிச்சம் அடிக்கலாம். ராத்திரியில் ரிப்பேர் பார்க்க வசதி. பானெட் நல்ல உயரமாக, தலையணையில் சாய்ந்த மாதிரி இருந்தால் அது சி.ஜே.3பி. 1953-ல் வில்லிஸ் அந்த மாடலில் கொஞ்சம் உயரமான இன்ஜினைப் போட்டது. அதற்கு இடம் கொடுக்கத்தான் பானெட் உயர்ந்தது. அமெரிக்காவில் நிறுத்திய பிறகும் மஹிந்திரா அதே முகத்தை வெகுகாலம் வைத்திருந்ததால், நமக்கு 'ஜீப்' என்றாலே அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

அடுத்து, டிரைவர் சீட்டைத் தூக்குங்கள். டீசல் ஊற்றுகிற வாய் அங்கே இருந்தால் ராணுவ பாடி. வெளிப்பக்கத்தில் இருந்தால் சிவிலியன். பின்பக்கம் கதவு மாதிரி திறந்து மூடும் பலகை இருந்தாலும் சிவிலியன்தான். ராணுவ ஜீப்பின் முதுகு மூடியே இருக்கும்.

இப்போது சட்டை அழுக்காகும். பரவாயில்லை, வண்டிக்கு அடியில் படுங்கள். ரேடியேட்டருக்குக் கீழே, சேஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் செய்த ராணுவ சேஸ். கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு செய்தது. ஃபோர்டுக்காரருக்கு இன்னொரு பழக்கம். தான் செய்த போல்ட்டின் தலையில்கூட 'எஃப்' என்ற தன் முதலெழுத்தைக் குத்திவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல், ரப்பர், பென்சில் எல்லாவற்றிலும் இனிஷியல் எழுதிவைக்கும் பையன் மாதிரி!

நம்ம சுருளிப்பட்டி வண்டியைப் பார்த்தால்? முகம் சி.ஜே.3பி. சேஸ் வில்லிஸ். அதில் அங்கங்கே ஃபோர்டு போல்ட். இன்ஜின் மெட்டாடார். முதுகில் யாரோ ஒரு வெல்டர். அதாவது சர்வகட்சிக் கூட்டம்.

பின் சக்கரத்தின் நடுவையும் ஒருமுறை பாருங்கள். வட்டமாக ஆறு போல்ட் இருந்தால் ராணுவ ஜீப்பின் ஆக்சில். அதில் உள்ளே ஷாப்ட் உடைந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். நடுவில் ஒரே ஒரு பெரிய நட், அதற்கு ஒரு பின் என்று இருந்தால் அது பின்னால் வந்த சிவிலியன் வகை. அதில் ஷாப்ட் உடைந்தால் சக்கரமே கழன்று நமக்கு முன்னால் ஓடிப் போகலாம். கெட்ட வகை என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கில் ஓடியிருக்கிறது. ஆனால் எது இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதைப் பயந்து பார்க்க வேண்டும் என்று தெரியும்?

சாக்பீஸ் கணக்கு

இப்போதுதான் அந்த 'ஓரளவு' வில்லன் வருகிறான்.

ராணுவ ஜீப்பின் ஆக்சிலுக்குள் கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல். வகுத்தால் 4.88. அதாவது புரொப்பல்லர் ஷாப்ட் 4.88 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சிவிலியன் ஜீப்பில் 43-க்கு 8. வகுத்தால் 5.38. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஹவுசிங்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கில் உட்காரும். 'ஓரளவு' என்ன, ஜோராகவே பொருந்தும்!

நம்ம வண்டியில் எப்போதோ பின் ஆக்சில் உடைந்து, அவசரத்துக்குக் கிடைத்த சிவிலியன் ஆக்சிலை மாட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். முன்னால் 4.88, பின்னால் 5.38. சாதாரணமாக ஓட்டும்போது முன் ஆக்சில் சும்மாதான் வரும் என்பதால் ஒன்றும் தெரியாது. கம்பம் போகலாம், தேனி போகலாம், கல்யாணத்துக்குக்கூடப் போகலாம். ஆனால் எப்போது ஃபோர் வீல் போடுவார்கள்? மலையில், பாரம் இழுக்கும்போது. அப்போது முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் ஷாப்ட் சுற்றும். பின் சக்கரம் 100 அடி உருள்கிற நேரத்தில் முன் சக்கரம் 110 அடி உருண்டாக வேண்டும். ஒரே வண்டியின் இரண்டு சக்கரம் எப்படி வேறு வேறு தூரம் போகும்?

சேறாக இருந்தால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. ஷாப்ட் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் கல்லாகும், ஃபோர் வீல் லீவரைத் திரும்ப எடுக்க வராது. கடைசியில் எது பலவீனமோ அது உடையும். கிராஸ் ஜாயின்ட்டோ, டிரான்ஸ்பர் கேஸ் பல்லோ, ஆக்சில் ஷாப்ட்டோ. பின்னால் கொக்கியில் இன்னொரு ஜீப் தொங்கிக்கொண்டிருக்கும்போது உடையும்.

"ஃபோர் வீல் போட்டா வண்டி முறுக்குதுண்ணே. கியர் பாக்ஸ் போயிருச்சு போல."

கியர் பாக்ஸ் போகவில்லை தம்பி. கணக்கு போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும். நியூட்ரலில் வைத்து, பின் ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. பின் டயரில் ஒரு கோடு, ஷாப்ட்டில் ஒரு கோடு. கையால் ஷாப்ட்டைச் சுற்றி, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ஷாப்ட் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவென்றால் ஒன்று, ஐந்தேகாலைத் தாண்டினால் இன்னொன்று. ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றினால் கணக்கு பாதியாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம் அதே மாதிரி முன் ஆக்சிலுக்கும். சந்தேகமாக இருந்தால் ஹவுசிங் மூடியைத் திறந்து பல்லையே எண்ணிவிடலாம்.

இரண்டு எண்ணும் ஒத்துப் போகவில்லையா? மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதைச் சரி செய்யுங்கள். ஒரு பக்கத்தின் கிரவுன் பினியனை ஜோடியாக மாற்றலாம். ஆக்சிலையே மாற்றலாம். மாற்ற முடியாது என்றால் முன் ஷாப்ட்டைக் கழற்றிவைத்துவிட்டு, 'இது ஃபோர் வீல் இல்லை' என்று ஒத்துக்கொண்டு வாழலாம். மலைக்கு மட்டும் போகக் கூடாது. டயரும் நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்னால் மொட்டை, பின்னால் புதுசு என்றால் அதே வில்லன் சின்ன வேஷத்தில் வருவான். எல்லாம் சரியாக இருந்தாலும், காய்ந்த தார் ரோட்டு வளைவில் இந்தப் பழைய ஜீப்களை ஃபோர் வீலில் ஓட்டுவது நல்லதல்ல. திரும்பும்போது முன் சக்கரம் எப்போதும் கொஞ்சம் அதிக தூரம் போகும்.

நம்பரில் கை வைக்காதே!

வண்டியின் உடம்பு எத்தனை ஜாதியாக இருந்தாலும் சட்டத்துக்குத் தெரிந்த முகவரி ஒன்றுதான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸ் நம்பர். வில்லிஸ் ராணுவ ஜீப்பில் இது முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்கச் சட்டத்தின் உள்பக்கம் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடப்பக்கச் சட்டத்தின் மேலேயே குத்தியிருக்கும். துருவைச் சுரண்டுகிறேன் பேர்வழி என்று கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் பொறுமையும் போதும்.

சில இடங்களில் ஒரு அன்பான யோசனை வரும். "ஆர்.சி. நம்பரையே இதுல பஞ்ச் பண்ணிரலாம்ணே, யாருக்குத் தெரியப் போவுது?" அந்த நிமிஷமே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சேஸ் நம்பரைத் தானாக அழிப்பதும் அடிப்பதும் குற்றம். நம்பர் அரித்துப் போயிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, அவர்கள் அனுமதியோடுதான் செய்ய வேண்டும்.

இன்ஜினுக்கும் அப்படியே. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஜின் மாற்றம் மாதிரி அனுமதிக்கப்பட்ட மாற்றத்தையும் ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். முதுகில் கிரேன் கழுத்து இருந்தால் அந்த வகையாகவே பதிவு இருக்க வேண்டும். 'பெட்ரோல், நாலு சீட்' என்று ஆர்.சி. சொல்ல, வண்டி டீசலில் கொக்கியோடு நின்றால்? விபத்து நடந்த அன்றைக்கு இன்ஷூரன்ஸ்காரர் ரொம்ப கவனமாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஆர்.சி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பேங்க் பாஸ்புக்கை எப்படிப் பார்ப்பீர்களோ, அதைவிட இரண்டு மடங்கு கவனமாக.

பெயின்ட் கடைசியில்!

பழைய வண்டி வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம் பெயின்ட் அடிப்பது. இரண்டாவது காரியம் ஃபோட்டோ எடுப்பது. மூன்றாவது காரியம் பிரேக் பிடிக்காமல் புளியமரத்தில் மோதுவது. வரிசையைக் கொஞ்சம் மாற்றுவோம்.

முதலில் பிரேக். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதை. எங்கேயாவது ஒரு டியூப் கசிந்தால் நாலும் போச்சு. முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரண்டு பாதை உள்ள மாஸ்டர் சிலிண்டராக மாற்றுவது இந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம். ராணுவ ஜீப்பின் பிரேக் டிரம் 9 அங்குலம்தான். தன் ஒரு டன் எடைக்காகச் செய்தது. பின்னால் இன்னொரு வண்டியை மாட்டிக்கொண்டு இறங்குவதற்கு 11 அங்குல டிரம் உள்ள ஆக்சிலே மேல். 'ஒரிஜினல்' என்று 9 அங்குலத்தில் பிடிவாதம் பிடிக்க மலை ஒத்துக்கொள்ளாது.

ஹேண்ட் பிரேக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த ஜீப்களில் அது சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாப்ட்டைப் பிடிக்கும். ஷாப்ட்டோ கிராஸோ உடைந்தால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லை. இன்னொன்று... ஹேண்ட் பிரேக் போட்டாச்சே என்று பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருள, வண்டி மெல்ல நடக்க ஆரம்பிக்கும். அடியில் படுத்திருப்பவர் கதி? கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

அடுத்து ஸ்டீயரிங். இந்த ஜீப்பில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு சாமான் உண்டு. அது தேய்ந்துவிட்டால் ஸ்டீயரிங் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேரும். சர்க்கார் ஆபீஸ் ஃபைல் மாதிரி. கிங் பின் பேரிங், டை ராட் முனை எல்லாவற்றையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் இன்ஜின். புகை, ஆயில், கம்ப்ரஷன் எல்லாம் பார்த்து, தேவைப்பட்டால் போர் அடிக்கலாம். (இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது அடிப்பது வேறு போர்!) டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடக் கனம். முன் ஸ்பிரிங் தொங்கியிருக்கும், பிளேட் மாற்ற வேண்டியிருக்கும்.

டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் இதற்குப் பிறகு. பெயின்ட் அடித்தால்தான் வீட்டில் மதிப்பு என்றால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இப்போதைக்கு அது போதும்.

கொக்கிக்கும் டேலி உண்டு

கடைசியாக முதுகுக் கழுத்து. இதை வெல்டிங் செய்தவர் பலசாலிதான். ஆனால் கணக்குப் போட்டாரா?

ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம். கொக்கி, பின் ஆக்சிலுக்கு 40 அங்குலம் பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். கொக்கியில் 400 கிலோ தூக்கினால் பின் ஆக்சிலில் 400 ஏறும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 600 கிலோ ஏறும். முன் ஆக்சிலில் 200 கிலோ குறையும். பற்று 600, வரவு 200, பாக்கி 400. டேலி ஆகிறதா? தராசுத் தட்டு மாதிரி, பின்னால் அமுங்கினால் முன்னால் தூக்கும். முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டீயரிங் திரும்பும், வண்டி திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டல்ல. இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் முன் பம்பரில் கனமான இரும்பைக் கட்டியிருப்பார்கள், கழுத்தையும் முடிந்தவரை குட்டையாக வைப்பார்கள். நீட்டமான கழுத்து கொக்குக்கு அழகு, ஜீப்புக்கு ஆபத்து.

வடத்தை விரல் வைத்துத் தடவாதீர்கள், அறுந்த இழை கிழித்துவிடும். ஒரு துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி நாலு இடத்தில் மாட்டினால் வடத்துக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். நுனியில் யு-கிளாம்ப் போடும்போது அதன் சேணம் பாரம் தாங்கும் வடத்தின் மேல் இருக்க வேண்டும். வளைந்த யு, மடித்துவிட்ட வால் பக்கம். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடத்தையே யு நசுக்கிவிடும்.

வின்ச் திணறுகிறதா? நகரும் கப்பி ஒன்றைச் சேருங்கள். வடத்தை வின்ச்சிலிருந்து எடுத்துப் போய், மாட்டிக்கொண்ட வண்டியில் கட்டிய கப்பியில் சுற்றி, நம்ம வண்டிக்கே கொண்டுவந்து கட்டினால் அதே இழுவைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு பலன் கிடைக்கும், பாதி வேகத்தில். கிணற்றில் இருக்கிறதே, அந்த நிலைக் கப்பி திசையைத்தான் மாற்றும். பலத்தைக் கூட்டாது. வடம் விறைத்திருக்கும்போது அதன் வழியில் ஒருவரும் நிற்கக் கூடாது. நனைத்த சாக்கு ஒன்றை வடத்தின் மேல் போட்டுவைத்தால், அறுந்தாலும் வீச்சு கொஞ்சம் அடங்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டுவதுதான் இதில் கஷ்டமான வேலை.

ஒரிஜினலா, உழைப்பாளியா?

"எல்லாத்தையும் கழட்டிட்டு, 1944-ல இருந்த மாதிரியே ஒரிஜினலா ஆக்கிரலாமா?" என்று சிலருக்கு ஆசை வரும். தப்பில்லை. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதியே கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அதை ரோட்டில் விடக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், டெஸ்ட், டீசல் போட என்று போய் வரலாம்.

நம்ம வண்டி அந்தப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே ஃபெயில். பாஸாக வேண்டுமென்றால் இன்ஜினைப் போட வேண்டும், முதுகைக் கழற்ற வேண்டும், பெரிய பிரேக்கை எடுக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்தால் மிஞ்சுவது அழகான ஒரு ஜீப். ஆனால் மலையில் மாட்டிக்கொண்டவனுக்கு அது உதவாது.

யோசித்துப் பாருங்கள். ரேஷன் கார்டில் தாத்தா பெயரை நீக்குகிறோம், மருமகள் பெயரைச் சேர்க்கிறோம், பேரன் பெயரைச் சேர்க்கிறோம். அதனால் குடும்பம் வேறாகிவிடுகிறதா? இந்த வண்டியும் அப்படித்தான். ஒவ்வொரு ஒட்டும் ஏதோ ஒரு மழை ராத்திரியில், கையில் இருந்த காசுக்குள், கிடைத்த சாமானை வைத்து யாரோ ஒருவர் எடுத்த முடிவு. அதில் நல்ல முடிவை வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்தான முடிவைத் திருத்த வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்த ஜாதகம். "என் வண்டி 1944 மாடல்" என்று டீக்கடையில் பெருமை அடிக்க அல்ல.

அதனால் கடைசி வேலை ஒன்று பாக்கி. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். முன் ஆக்சில் என்ன, பல் எத்தனை. பின் ஆக்சில் என்ன, பல் எத்தனை. இன்ஜின் எந்த வண்டியுடையது, கிளச் பிளேட் எந்த அளவு, கிராஸ் ஜாயின்ட் எது, பிரேக் வாஷர் எது, வடம் மாற்றிய தேதி என்ன. எல்லாவற்றையும் எழுதி, ஆர்.சி. நகலோடு சேர்த்து சீட்டுக்கு அடியில் வையுங்கள். என்றைக்காவது ராத்திரி ஒரு மணிக்குப் போடிமெட்டு ஏற்றத்தில் அந்த வண்டியே நின்றுபோனால், கீழே இருக்கும் ஸ்பேர் கடைக்காரரைத் தூக்கத்தில் எழுப்பி, "அண்ணே, ஜீப் கிராஸ் ஒண்ணு வேணும்" என்பீர்கள்.

அவர் கொட்டாவியோடு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எந்த ஜீப்புக்குப்பா?"

நோட்டு இருந்தால் விடிவதற்குள் இறங்கிவிடலாம்.